தண்ணீர் என்பது நீல வேலை

இந்தக் கேரவனில் இனிமேல் தண்ணீர் சம்பந்தமாக யாரும் வாயைத் திறக்கக் கூடாது, திறந்தால் குடிப்பதற்கு மட்டும்தான் திறக்க வேண்டும் என்று செடூனா என்ற ஊரில் வைத்து ஒரு சட்டம் போட்டேன்.

யாரும் என்றால் ரேலீன். கேரவன் என்பது காருக்குப் பின்னால் கட்டி இழுத்துப் போகிற சக்கர வீடு. அதில் என்னையும் என் மனைவி ரேலீனையும் தவிர வேறு யாரும் கிடையாது. எனக்கு எதிராக நானே சட்டம் போட்டுக்கொள்வேனா என்ன?

கேரவன் வைத்திருக்கிற எந்த ஆஸ்திரேலியனைக் கேட்டாலும் சொல்வான், வேலைகள் இரண்டு நிறம் என்று. வண்டிக்கு வெளியே செய்வதெல்லாம் நீல வேலை. அது ஆம்பிளைக்கு. உள்ளே செய்வதெல்லாம் ரோஸ் வேலை. அது பொம்பளைக்கு. கார் ஓட்டுவது, கேரவனைக் கொக்கியில் மாட்டுவது, சக்கரத்துக்குக் கட்டை வைப்பது, தண்ணீர்க் குழாய் மாட்டுவது நீலம். சமையல், பாத்திரம், படுக்கை, பெருக்கல், துடைத்தல் ரோஸ். இதை முதலில் வகுத்தவன் யார் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் கண்டிப்பாக ஒரு புருஷன்தான். அந்த மகராசன் நல்லா இருக்கட்டும்.

ரேலீனுக்கு மட்டும் இந்த ஏற்பாடு பிடிக்கவே இல்லை. எங்கள் ஊர் வையாலாவில் கால் நூற்றாண்டாகப் பள்ளிக்கூட பஸ் ஓட்டினவள் அவள். நானோ செருப்புக் கடை மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவன். கேரவன் வாங்கிய நாளிலிருந்து கார் சாவிக்காகக் கை நீட்டிக்கொண்டே இருந்தாள்.

"நான் கொஞ்ச தூரம் ஓட்டறேனே, நெவில்."

"பஸ் வேற, இது வேற. பஸ்ஸுல பசங்க சத்தம் போட்டா இறக்கி விட்டுடலாம். கேரவன் அப்படியா? பின்னாடியேதான் வரும்."

"நீயும்தான் இத்தனை வருஷமா பின்னாடியே வர்றே. உன்னை இறக்கியா விட்டேன்?"

இந்த மாதிரிப் பேச்சுக்கெல்லாம் நான் பதில் சொல்வதில்லை. பதில் தெரியாமல் இல்லை. மரியாதை.

நாங்கள் பெர்த் நகரத்துக்குப் போய்க்கொண்டிருந்தோம். செடூனாவைத் தாண்டி மேற்கே போனால் பாலைவெளி. நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு நல்ல தண்ணீர் கிடையாது. அதனால் எல்லோரும் செடூனாவில் தங்கி, வண்டியின் தொட்டியை நிரப்பிக்கொண்டுதான் கிளம்புவார்கள். நாங்களும் அங்கே, இந்த மாதிரி வண்டிகள் வாடகை கொடுத்துத் தங்குகிற ஒரு கேரவன் பார்க்கில் இடம் பிடித்தோம்.

கேரவன் பார்க்கில் ஒரு கேவலமான பழக்கம் உண்டு. புதிதாக ஒருவன் வந்து வண்டியை நிறுத்தினால் போதும். முன்னாலேயே வந்தவர்கள் எல்லாம் மடக்கு நாற்காலியைப் போட்டு, கையில் டீயை வைத்துக்கொண்டு, அவன் திணறுவதை வேடிக்கை பார்ப்பார்கள். உதவ மாட்டார்கள். அதுதான் அவர்களுக்குச் சாயந்தரப் பொழுதுபோக்கு.

எனக்கு வாய்த்த பக்கத்து நாற்காலி நோலா. தன்னந்தனியாகக் கேரவனை இழுத்துக்கொண்டு ஊர் சுற்றுகிறவள். புருஷன் போய்ச் சேர்ந்த பிறகும் வண்டியை விற்கவில்லை. நீலம், ரோஸ் இரண்டையும் தானே செய்கிறாள். எனக்கு அதைப் பார்க்கவே சகிக்கவில்லை. ஒரு பெண்பிள்ளை முழங்கால் போட்டுக் கொக்கிக்குக் கிரீஸ் தடவுகிறதாம், பிறகு எழுந்து கேக் சுடுகிறதாம். ஒழுங்கு வேண்டாமா?

நான் பச்சை ரப்பர் குழாயைச் சுருள் பிரித்தேன்.

"ஏம்ப்பா, அது தோட்டத்துக் குழாயாச்சே. அதுல வர்ற தண்ணி ரப்பர் நாத்தம் அடிக்குமே" என்றாள் நோலா நாற்காலியில் இருந்து.

"அம்மணி, எனக்கு நாத்தம் புதுசு இல்ல. நான் செருப்புக் கடையில இருந்தவன்."

"பிரஷர் குறைக்கிற வால்வு மாட்டலையா? இந்த ஊர்த் தண்ணி ரொம்ப வேகமா வரும்."

"வேகமா வந்தா வேகமா நிரம்பும்."

சொல்லிவிட்டு, குழாயின் ஒரு நுனியைக் கேரவனில் செருகி, பார்க்கின் தண்ணீரைத் திருகித் திறந்தேன். குழாய் கேரவனிலிருந்து பிய்த்துக்கொண்டு எழும்பி, பாம்பு மாதிரி நெளிந்து, முதலில் என் முகத்தில் அடித்தது. பிறகு என் கழுத்துக்குள் இறங்கியது. பிறகு நோலாவின் டீயைக் கோப்பையிலிருந்து காலி செய்தது. நான் அதன் கழுத்தைப் பிடித்து அடக்குவதற்குள் என் கால்சராய் இடுப்பை விட்டு இறங்கத் தயாராகிவிட்டது.

"குளிச்சுட்டியா? அப்ப சோப்பு வேணுமா?" என்று ஜன்னலில் இருந்து ரேலீன் கேட்டாள்.

முகத்தைத் துடைத்துக்கொண்டேன். குழாயைக் கெட்டியாகத் திருகி மாட்டினேன். உள்ளே சிங்க்கில் தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டது. ஆகா! நெஞ்சை நிமிர்த்தி நின்றேன். அதோடு விட்டிருக்கலாம் நோலா. விடவில்லை.

"இப்ப நீ மாட்டினது ஊர்த்தண்ணி வாய். தொட்டிக்குப் போற வாய் அதோ, மூடி போட்டிருக்கே, அது. அதுலயும் பிடிச்சு வெச்சுக்கப்பா."

பார்த்தேன். உண்மைதான், கேரவனுக்குப் பக்கவாட்டில் இரண்டு வாய் இருந்தது. ஒரு வாயோடு குடித்தனம் நடத்துகிற கஷ்டம் தெரியாதவன் எவனோ இதைச் செய்திருக்கிறான்.

"எந்த வாயில குடிச்சா என்ன, அம்மணி? போற வயிறு ஒண்ணுதானே!"

"வயிறு ஒண்ணு இல்லப்பா..."

"உங்க டீ ஆறிடுச்சு. வேற போட்டுக்குங்க."

அப்போது ரேலீன் கதவுக்கு வந்தாள். "நெவில், இங்க உள்ளே சுவத்துல நாலு சின்ன விளக்கு இருக்கு. தொட்டியில எவ்வளவு தண்ணின்னு காட்டற விளக்குன்னு நினைக்கிறேன். நாலுல ஒண்ணுகூட..."

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. ஈரச் சட்டை ஒரு பக்கம், இரண்டு பொம்பளைகளின் உபதேசம் இன்னொரு பக்கம். அங்கேதான் அந்தச் சட்டம் பிறந்தது.

"ரேலீன்! தண்ணி வெளியே இருந்து வருது. அதனால தண்ணி நீல வேலை. என் வேலை. உள்ளே நீ பார்த்ததை வெளியே கொண்டு வராதே. வெளியே நான் பண்றதை உள்ளே இருந்து கேக்காதே."

"உள்ளே பார்த்ததைச் சொல்லவே கூடாதா?"

"கூடாது."

"நல்லா யோசிச்சுதான் சொல்றியா?"

"நான் யோசிக்காம எதையும் சொன்னதில்லை."

"அப்ப கல்யாணத்தன்னிக்கு சர்ச்சுல சொன்னது?" என்றவள், கையைக் கட்டிக்கொண்டு படியில் உட்கார்ந்தாள். "சரி, தண்ணி உன் வேலை. அதுல ஒரு குளறுபடி வந்தா?"

"வராது."

"வந்தா நிறத்தை மாத்திக்கலாம். வெளியே நான், உள்ளே நீ. கார் சாவி என்கிட்ட."

"வரலைன்னா?"

"வரலைன்னா சாவின்னு இந்த வாய் இனிமே கேக்காது."

"பெர்த் போய்ச் சேர்ற வரைக்குமா?"

"நான் போய்ச் சேர்ற வரைக்கும்."

கசக்குமா? சாவி பிடுங்கலே இல்லாத மீதி வாழ்க்கை! கையைப் பிடித்துக் குலுக்கினேன். நோலாதான் சாட்சி. சாட்சி சொல்லவாவது உதவட்டும் என்று விட்டேன்.

அதன் பிறகு ரேலீன் தண்ணீரைப் பற்றி மூச்சு விடவில்லை. பெட்டிப் பாம்பாக அடங்கிவிட்டாள் என்று நினைத்து மகிழ்ந்தேன். உள்ளே குழாய் ஓடும், பாத்திரம் கழுவுவாள், ஏதோ பாட்டை முணுமுணுப்பாள். நான் வெளியே உட்கார்ந்து, குழாய் மாட்டிய இடத்தை ரசித்துக்கொண்டிருப்பேன்.

அங்கிருந்து கிளம்பி மேற்கே போய், நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, மணல்மேடு தாண்டி ஒரு கடற்கரையில் வண்டியைப் போட்டோம். நான் தேடிப் பிடித்த இடம். கட்டணம் கிடையாது, காவலாளி கிடையாது, குழாயும் கிடையாது. எனக்குத் தேவையெல்லாம் மீன். கடையில் ஓய்வு கொடுத்தபோது ஊழியர்கள் சேர்ந்து வாங்கித் தந்த தூண்டில் கழி ஒன்று என்னிடம் இருந்தது. அதை வைத்து இதுவரை ஒரு மீனும் பிடித்ததில்லை. அது மீன்களின் குற்றம்.

கொஞ்ச தூரத்தில் இன்னொரு கேரவன் நின்றது. நோலா! போகிற இடமெல்லாம் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறாள்.

தூண்டிலில் மாட்டக் கணவாய் மீனை நறுக்கியதில் கை நாறியது. கேரவனின் வெளிப்புறத்தில் ஒரு குழாய் உண்டு. திறந்தேன். புஸ் என்றது. இரண்டு சொட்டு விட்டது. மூன்றாவது சொட்டுக்கு யோசித்தது. நின்றுவிட்டது.

ஓகோ, ஊர்க் குழாய் இல்லாத இடத்தில் பம்ப்பைப் போட வேண்டுமல்லவா! எனக்குத் தெரியாதா? பம்ப் ஸ்விட்ச் உள்ளே இருந்தது.

"ரேலீன், சிங்க்குக்கு மேல ஒரு ஸ்விட்ச் இருக்கும், போடு."

போட்டாள். அடியிலிருந்து கடகடவென்று ஒரு சத்தம் கிளம்பியது. தண்ணீர் வரவில்லை.

"சத்தம் வருது" என்றாள்.

"வரும். காத்து அடைச்சிருக்கு. எல்லா கேரவனிலயும் இருக்கறதுதான்."

"அடடா. இது நீலச் சத்தமா, ரோஸ் சத்தமா?"

"உன் வேலையைப் பாரு."

"பார்க்கறேன்." ஸ்விட்சை அணைத்துவிட்டுத் தொப்பியை எடுத்து மாட்டினாள். "கரையோரமா நடந்துட்டு வர்றேன். வந்ததும் டீ போடறேன். கெட்டில் காலியா இருக்கு. வந்து நிரப்பிக்கறேன்."

"காலியா இருக்கு" என்பதைக் கொஞ்சம் நீட்டிச் சொன்ன மாதிரி இருந்தது. அப்போது நான் கவனிக்கவில்லை.

அவள் தலை மறைந்ததும் கேரவனுக்கு அடியில் ஊர்ந்து போனேன். வாய் நிறைய மணல். தொட்டியை விரல் முட்டியால் தட்டினேன். டொங்! காலி அண்டாவைத் தட்டின மாதிரி ஒரு டொங்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. செடூனாவில் நான் மாட்டிய தண்ணீர் ஊர்க் குழாயிலிருந்து நேராக சிங்க்குக்குப் போயிருக்கிறது. தொட்டிப் பக்கம் அது எட்டிக்கூடப் பார்க்கவில்லை. வயிறு ஒன்றில்லையாம், இரண்டாம்! இதைத் தெளிவாக எடுத்துச் சொல்ல அந்த நோலாவுக்குத் துப்பிருந்ததா? நான் நடுவில் பேசினால் என்ன, உரக்கச் சொல்லியிருக்கக் கூடாதா?

படுத்த வாக்கிலேயே என் எதிர்காலத்தைப் பார்த்தேன். ரேலீன் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு போகிறாள். நான் பக்கத்து சீட்டில், மடியில் பிஸ்கட் டப்பாவோடு. எதிரே வருகிற கேரவன்காரர்கள் எல்லாம் வழக்கப்படி கை தூக்கி வணக்கம் சொல்கிறார்கள், அவளுக்கு!

கண்ணுக்கு எட்டின தூரம் கடல். இவ்வளவு தண்ணீரை வைத்துக்கொண்டு ஒரு கெட்டிலை நிரப்ப வக்கில்லை. தொட்டியில் உப்புத் தண்ணீரை ஊற்றிவிட்டு, டீ கரித்தால் அவள் கைப்பக்குவத்தைக் குறை சொல்லலாமா என்றுகூட யோசித்தேன். பம்ப் போய்விடும் என்பதால் விட்டேன். வேறு வழியில்லை. மானத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு நோலாவிடம் ஓடினேன்.

அவள் நாற்காலியை ஏற்கெனவே என் கேரவன் பக்கம் பார்க்கத் திருப்பிப் போட்டிருந்தாள்.

"அடியில போய்ப் படுத்திருந்தியே, தூக்கமா?"

"அம்மா தாயே, ஒரு உதவி. கொஞ்சம் தண்ணி வேணும்."

"உனக்கு எதுக்குத் தண்ணி? நீதான் வேகமா பிடிச்சியே."

"பழைய கதை எதுக்கு? இருக்கா, இல்லையா?"

"என் தொட்டித் தண்ணி எனக்கே சரியா இருக்கும். தனியா ரெண்டு கேன் இருக்கு. ஆனா அதை நான் சும்மா தூக்கிக் குடுக்க முடியாது. பத்திரமா பார்த்துக்கன்னு வெச்சிருக்கற தண்ணி."

"என்ன கேட்டாலும் தர்றேன்."

நோலா என் கையில் இருந்ததைப் பார்த்தாள். அவசரத்தில் தூண்டில் கழியையும் பிடித்துக்கொண்டு ஓடி வந்திருக்கிறேன்.

"அதைக் குடு."

"இதுவா! இது நினைவுப் பரிசு!"

"அப்ப இதை வெச்சு நினைச்சுட்டே இரு. ரேலீன் திரும்பி வர்றா பாரு. தொப்பி தெரியுது."

கொடுத்துவிட்டேன். வேறென்ன செய்ய? ஒரு கையில் ஒரு கேன், மறு கையில் ஒரு கேன். தோள்பட்டை இரண்டும் முழங்காலுக்கு இறங்கிவிட்டன. பால் பாட்டிலின் தலையை வெட்டிப் புனலாக்கி, அந்த மூடி போட்ட வாயில் ஊற்றினேன். முக்கால் பங்கு தொட்டிக்குப் போனது, கால் பங்கு என் சட்டைக்குப் போனது. காலிக் கேன்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஓடி வந்து, ரேலீனின் ரோஸ் ராஜ்ஜியத்துக்குள் திருடன் மாதிரி நுழைந்து சுவரைப் பார்த்தேன். ஒரே ஒரு விளக்கு எரிந்தது. அது போதும்! பம்ப்பைப் போட்டேன், குழாயைத் திறந்து காற்றை விரட்டினேன், வெளியே வந்து நாற்காலியில் சாய்ந்து, அன்று முழுவதும் அங்கேயே இருந்தவன் மாதிரி கொட்டாவி விட்டேன்.

ரேலீன் வந்தாள். உள்ளே போனாள். குழாய் திறக்கிற சத்தம். ஜோராகக் கொட்டியது! காதில் தேன் பாய்ந்தது எனக்கு.

டீயும் ஜாம் தடவிய ஸ்கோன் ரொட்டியும் வந்தன. கால் மேல் கால் போட்டுக்கொண்டேன்.

"டீ எப்படி?" என்றாள்.

"டீயை விடு. தண்ணி எப்படி?"

"நல்ல தண்ணி. செடூனா தண்ணிதானே."

"யார் பிடிச்ச தண்ணி?"

"நானும் அதைத்தான் யோசிக்கறேன்" என்றாள் ரேலீன். "உள்ளே தரையில மணல் காலடி இருக்கு. பத்தாம் நம்பர், அகலக் கால். உன் தொழில்தானே, யாருதுன்னு சொல்லேன்."

நான் வாயைத் திறப்பதற்குள் நோலா வந்து சேர்ந்தாள். கையில் என் தூண்டில் கழி. என்னைத் தாண்டிப் போய் அதை ரேலீன் மடியில் வைத்தாள்.

"இந்தா, ரேலீன். செடூனாவுல நீ நிரப்பி, உங்க பின்னாடியே கொண்டு வரச் சொல்லி என்கிட்ட வெச்சிருந்த ரெண்டு கேனும் செலவாயிடுச்சு. அதுக்கு இதுதான் கிடைச்சது. உன் தண்ணி, உன் வரும்படி."

ஸ்கோன் தொண்டையில் நின்றது. இருமினேன். ரேலீன் முதுகில் தட்டினாள். தேவைக்கு மேல் பலமாகத் தட்டினாள்.

"அடிப்பாவி! தொட்டி காலின்னு அங்கேயே தெரியுமா உனக்கு?"

"நாலு விளக்கும் செத்துக் கிடந்துச்சே. சொல்லத்தான் வந்தேன். உள்ளே பார்த்ததை வெளியே கொண்டு வராதேன்னு சட்டம் போட்டே. நான் சட்டத்தை மதிக்கறவ."

"இரு இரு!" துள்ளி எழுந்தேன். ஓட்டை கிடைத்துவிட்டது எனக்கு. "கேனுக்குத் தண்ணி பிடிச்சது யாரு? நீ! தண்ணி பிடிக்கறது நீல வேலை. நீல வேலையில நீ எப்படிக் கை வெக்கலாம்? பந்தயம் செல்லாது!"

"நான் வெளியே எங்கே பிடிச்சேன்? உள்ளே பாத்திரம் கழுவற சிங்க்குல கேனை வெச்சுப் பிடிச்சேன். நீ மாட்டின குழாய்தான், நெவில். வேகமா வந்துச்சு, வேகமா நிரம்பிடுச்சு."

நோலா சிரித்த சிரிப்பில் கரையிலிருந்த கடற்காக்கைகள் எல்லாம் எழும்பிப் பறந்தன. தெரிந்தே இத்தனை தூரம் காலித் தொட்டியோடு என்னை ஓட்ட விட்டிருக்கிறாள், ராட்சசி. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் எனக்கு எத்தனையோ தடவை தண்ணி காட்டியிருக்கிறாள். கேன் போட்டுக் காட்டியது இதுதான் முதல் தடவை.

ரேலீன் கையை நீட்டினாள். சாவியைக் கொடுத்தேன்.

மறுநாள் காலையில் அவள் சீட்டை முன்னுக்கு இழுத்தாள், கண்ணாடிகளைத் திருப்பினாள். நான் அரை மணி நேரம் திட்டித் திட்டி உள்ளே கொண்டு வந்த வண்டியை அந்த மணல் பாதையில் ஒரே மூச்சில் பின்னுக்கு எடுத்து, நெடுஞ்சாலையில் ஏற்றினாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தைப் பார்த்து ரொம்ப காலமாகிறது. எனக்கு எரிந்தது. எதிரே வந்தவர்கள் எல்லாம் கை தூக்கினார்கள். மடியில் பிஸ்கட் டப்பாவோடு நானும் தூக்கினேன். அவர்கள் என்னைப் பார்க்கவில்லை.

ஆனாலும் ஒரு விஷயம் என் மனசைக் குளிர வைத்தது. கேரவன் கக்கூஸுக்குக் கீழே ஒரு பெட்டி இருக்கும். நிரம்பினால் இழுத்து எடுத்துக்கொண்டு போய்க் கொட்டிக் கழுவ வேண்டும். அதை எடுக்கிற கதவு இருப்பது கேரவனுக்கு வெளியே! இத்தனை நாள் மூக்கைப் பொத்திக்கொண்டு நான்தான் தூக்கினேன். இனிமேல் அது யார் தலையில்? சாவி வேண்டுமென்றாயே ரேலீன், சேர்ந்து வருவதையும் வாங்கிக்கொள்!

பெட்ரோல் பங்க்கில் வண்டி நின்றதும், முகத்தைச் சாதுவாக வைத்துக்கொண்டு சொன்னேன்.

"ரேலீன், கக்கூஸ் பெட்டி நிரம்பிடுச்சு. கதவு வெளியேதான் இருக்கு."

அவள் ஸ்டீயரிங்கில் தாளம் போட்டபடி திரும்பிப் பார்த்தாள்.

"கதவு வெளியேதான், நெவில். ஆனா சரக்கு எல்லாம் உள்ளே தயாரானதுதானே?"

பெட்டி கனமாகத்தான் இருந்தது.